ஓய்வு பெற்ற ஆசிரியரின் இரண்டாம் பணிக்காலம்

(றிச்மண்ட் ஹில்லில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளோடு கனடாவுக்கு வந்து சேர்ந்து, நிறைந்த வயதில் மறைந்த ஒருவரின் நினைவாக இந்த அறக்கட்டளை அமைந்திருக்கிறது. ‘அப்பாவைப் புகழ வேண்டாம், அவரைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பேசுங்கள்’ என்பதுதான் அவருடைய பிள்ளைகள் என்னிடம் கேட்டது. அந்த வேண்டுகோளையே என் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்களில் ஓர் ஆசிரியர் மறைந்தால் அந்தியேட்டி நாளில் வீட்டார் ஒரு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்றும் சொல்லுவோம். நாங்கள் அதைப் படத்துக்காகவும் தேவாரத்துக்காகவும் எடுத்து வைக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். நான் அவற்றை வரலாற்று ஆவணங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஓர் ஒழுங்கு தெரிகிறது. பிறந்த ஊர், பயிற்சிக் கலாசாலை, படிப்பித்த பள்ளிக்கூடங்கள், அதிபர் பதவி என்று வாழ்க்கைக் குறிப்பு விரைவாக நடந்து, ஓய்வு பெற்ற ஆண்டுக்கு வந்ததும் விரியத் தொடங்குகிறது. கோவில் பரிபாலன சபைச் செயலாளர், சனசமூக நிலையத் தலைவர், கூட்டுறவுச் சங்கப் பொருளாளர், முதியோர் சங்கக் காப்பாளர், தமிழ்ப் பள்ளி ஆசிரியர் என்று பட்டியல் நீள்கிறது.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து இதிலிருந்து பிறந்தது. ஈழத்துத் தமிழ் ஆசிரியருக்கு இரண்டு பணிக்காலங்கள் உண்டு. முதலாவது பள்ளிக்கூடத்தில், இரண்டாவது ஓய்வுக்குப் பிறகு. எங்கள் ஊர் நிறுவனங்களில் பெரும்பகுதியும், கனடாவில் எங்கள் மொழிக் கல்வியின் அடித்தளமும் அந்த இரண்டாம் பணிக்காலத்தின் உழைப்பு. இதை ஏழு குறிப்புகளில் விளக்குகிறேன்.

1. பள்ளிக்கூடமும் வழிபாடும் ஒரே வளவில்

குடும்பம், சமயம், சமூகம் ஆகிய மூன்றும் ஓர் ஆசிரியரிடம் ஒன்றாகச் சேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்க மிசனரிமார் 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. அந்தப் பள்ளிகளில் கணக்கும் ஆங்கிலமும் வேதாகமமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் பொறுப்பு உள்ளவராக இருந்தார்.

ஆறுமுக நாவலர் மிசன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, தாம் உள்ளிருந்து கண்ட அந்த அமைப்பையே சைவத்துக்கு ஏற்றபடி அமைத்தார். வகுப்பு இருந்தது, பாடநூல் இருந்தது, கூடவே சமய ஒழுக்கமும் இருந்தது. 1888இல் சைவபரிபாலன சபையும் 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் அந்த வழியை ஊர்தோறும் கொண்டு சென்றன. இந்து போட் என்று அழைக்கப்பட்ட அச்சங்கம், இந்து போட் இராசரத்தினம் அவர்களின் உழைப்பால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்களை நடத்தியது.

ஆகவே சைவரானாலும் கிறித்தவரானாலும் எங்கள் ஆசிரியர் தொடக்கத்திலேயே சமயப் பொறுப்போடு நியமனம் பெற்றவர். காலையில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தவர், மாலையில் கோவிலில் புராண படனத்துக்குப் பயன் சொன்னார். இரண்டும் ஒரே வேலையின் இரு நேரங்கள் என்றே அவரும் ஊரும் கருதினார்கள்.

2. மாதச் சம்பளமும் பென்சனும்

பக்தி மட்டும் ஒருவரை முப்பது ஆண்டுகள் பொதுப்பணியில் வைத்திருக்காது. அதற்குப் பொருளாதார அடிப்படை ஒன்று வேண்டும். புகையிலையும் வெங்காயமும் விலை ஏறி இறங்கும் ஊரில் மாதந்தோறும் தவறாமல் வந்த காசு ஆசிரியரின் சம்பளம். நாணய சங்கத்தில் கடன் எடுக்கிறவர் பிணை கேட்டு அவர் வீட்டுப் படலையைத் திறந்ததற்குக் காரணம் அதுதான். 1945இல் இலவசக் கல்வி வந்து, 1960–61 சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது, சபைகளின் கீழ் இருந்த ஆசிரியர்கள் நேரடியாக அரசாங்க உத்தியோகத்தர் ஆனார்கள்.

அரச சேவையில் 55 வயதில் விரும்பி ஓய்வு பெறலாம், 60இல் கட்டாயம். இருபது இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் 55இல் ஓய்வு பெற்று எண்பத்தைந்து வயதுவரை வாழ்ந்தால், படிப்பித்த காலத்துக்கு ஏறக்குறைய நிகரான இன்னொரு காலம் அவர் கையில் இருந்தது. பென்சன் பெரிய தொகை அல்ல. ஆனால் யாரிடமும் கைநீட்டாமல் சீவிக்கப் போதுமானது. அந்தச் சுதந்திரம்தான் முக்கியம். காணிக்காரருக்கும் வியாபாரிக்கும் அஞ்சாமல் அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து பேச முடிந்தது.

அவரிடம் பொதுப்பணிக்கு வேண்டிய பயிற்சியும் இருந்தது. வரவு இடாப்பும் சம்பவத் திரட்டும் எழுதிய கை கூட்ட அறிக்கையும் கணக்கேடும் எழுதியது. கச்சேரிக்கு அனுப்பும் மனுவை அவர் எழுதினால் மறுத்துச் சொல்ல இடமிருக்காது. எல்லைத் தகராறில் இரண்டு பக்கமும் நின்றவர்கள் அவரிடம் படித்தவர்களாக இருந்தால், வழக்கு நீதிமன்றம் போகாமல் அவர் திண்ணையிலேயே தீர்ந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய மலாயன் பென்சனியர்மார் ஒரு தலைமுறைக்கு முன்பே ஊர்களில் கோவிலும் பள்ளிக்கூடமும் கட்ட உதவியவர்கள். அவர்கள் பணத்தைக் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் நாளாந்த உழைப்பைக் கொடுத்தார்கள்.

இதற்கு நிகரற்ற எடுத்துக்காட்டு சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் (1925–2008). ஆசிரியராகப் பணி செய்து 1970களின் நடுப்பகுதியில் ஓய்வு பெற்றவர். அதன் பிறகு தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோவிலின் நிர்வாகத்தை ஏற்று அதை ஈழத்தின் முதன்மையான தலங்களில் ஒன்றாக வளர்த்தார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை அமைத்தார். கோவிலுக்கு வந்த காணிக்கையைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் திருப்பிவிட்ட நிர்வாகி அவர். மேடைப் பேச்சால் புகழ் பெற்றவர் என்று அவரை நினைவுகூர்கிறோம். நான் அவரை ஓர் ஆசிரியராகவே பார்க்கிறேன்: வகுப்பறையை விட்ட பின் கோவிலையே பள்ளிக்கூடமாக்கிய ஆசிரியர்.

3. எந்தச் சமூகம்?

‘சமூகத்துக்காக வாழ்ந்தார்’ என்று ஒவ்வொரு நினைவு மலரிலும் எழுதியிருக்கிறது. எந்தச் சமூகம் என்று நாங்கள் கேட்க வேண்டும். 1930 அளவில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் சரிசமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்ற சம ஆசன ஏற்பாடு வந்தபோது யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு எழுந்தது. பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் உள்ளே போக உரிமை கேட்டு மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தக் காலங்களில் கோவில் சபைகளில் இருந்த ஆசிரியர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு ஒரே விடை இல்லை. சிலர் கதவைத் திறந்தார்கள், பலர் மௌனமாக இருந்தார்கள், சிலர் தடுத்தார்கள். பக்தியும் கல்வியும் இருந்துவிட்டால் நீதி தானாக வந்துவிடும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

அதே காலத்தில் வேறொரு வழியைக் காட்டியவர்களும் ஆசிரியர்களே. 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்ததும், சாதி ஏற்றத்தாழ்வை எதிர்த்ததும் அந்த இயக்கம். அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் (1899–1977) யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபர். கிறித்தவக் கல்லூரியில் உருவான ஒருவர் ஓர் இந்துக் கல்லூரியைத் தலைமையேற்று நடத்தினார். பிள்ளையைப் பிள்ளையாக மட்டும் பார்க்கத் தெரிந்த ஆசிரியருக்கு அது இயல்பாக வந்தது. எங்கள் மரபிலிருந்து நாங்கள் தேர்ந்து எடுத்துச் செல்ல வேண்டியது இந்தப் பக்கத்தை.

4. ரீச்சராக இருந்த அம்மாமார்

நினைவு மலர்களில் இன்னொரு குறை உண்டு. ஆண் ஆசிரியரின் மலரில் பதவிகள் இருக்கும். பெண் ஆசிரியரின் மலரில் ‘அன்பான மனைவி, பாசமிகு தாய்’ என்ற வரிகளே நிறைந்திருக்கும். அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்பித்தது ஒரு வரியில் முடிந்துவிடும்.

உடுவிலும், 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய மகளிர் கல்லூரியும் பெண்களுக்குத் திறந்த வழியால் ஆசிரியத் தொழில் யாழ்ப்பாணப் பெண்களின் முதன்மையான உத்தியோகமானது. அந்தச் சம்பளம் தம்பிமாரைப் படிப்பித்தது. தங்கைமாருக்குச் சீதனம் சேர்த்தது. வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் வாங்கியது. அதிகாலை எழுந்து இடியப்பம் அவித்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பள்ளிக்கூடம் போய் நாற்பது பிள்ளைகளோடு மாரடித்து, திரும்பிவந்து இரவில் கொப்பி திருத்தினார்கள். வெள்ளிக்கிழமை விரதமும் விடவில்லை. கோவில் மடத்தில் சமைத்தவர்களும் நவராத்திரிக்குப் பிள்ளைகளைப் பாடப் பழக்கியவர்களும் அவர்களே. நிர்வாக சபைப் பட்டியலில் மட்டும் அவர்கள் பெயர் அரிது. தங்கம்மா அம்மையார் ஒரு கோவிலை நடத்திக் காட்டினார். அவருக்குப் பின்னும் அது பொதுவழக்கம் ஆகவில்லை. இந்த மண்ணிலுள்ள எங்கள் கோவில் சபைகளும் ஊர்ச் சங்கங்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

5. கூரை போன பிறகும் வகுப்பு

பின்னர் வன்முறையும் போரும் வந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஆடிக் கலவரத்தில் தென்னிலங்கையிலிருந்து உயிர்தப்பி வந்த பிள்ளைகளை வடக்குப் பள்ளிக்கூடங்கள் இடமில்லாத வகுப்புகளிலும் ஏற்றுக்கொண்டன. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயம் பரந்தபோது பள்ளிக்கூடங்கள் தங்கள் கட்டடங்களை விட்டு ஊர் ஊராக மாறின. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது.

இந்த ஆண்டுகளில் ஆசிரியரின் வேலை என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். மண்ணெண்ணெய் விளக்கில் பாடக்குறிப்பு எழுதினார். ஓரிடத்தில் காலையில் ஒரு பள்ளிக்கூடமும் மாலையில் இன்னொன்றும் நடந்தன. மரத்தடியில் வகுப்பு, பதுங்குகுழிக்குப் பக்கத்தில் சோதனை. ஓய்வு பெற்றவர்கள் சம்பளமின்றி மீண்டும் வகுப்பெடுத்தார்கள், ஏனென்றால் இளம் ஆசிரியர்கள் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். சோதனை நடந்துவிட வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய பிடிவாதம், பிள்ளையின் எதிர்காலத்தைப் போர் தீர்மானிக்கக் கூடாது என்ற உறுதி. இன்று இந்த நாட்டில் பொறியியலாளராகவும் மருத்துவராகவும் கணக்காளராகவும் இருக்கிற பலருடைய சான்றிதழ்களுக்குப் பின்னால் அந்த ஆசிரியர்களின் பிடிவாதம் இருக்கிறது.

6. கனடாவில் சனிக்கிழமை வகுப்பு

1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டதிலிருந்து 2016 குடிசனக் கணக்கெடுப்பில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் அளவிலானோர் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்ததுவரை நடந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தக் கதையின் ஒரு பகுதி அதிகம் சொல்லப்படுவதில்லை. அகதியாக வந்த இளைஞர் காலூன்றிய பின் பெற்றோரை ஸ்பொன்சர் செய்தார். அப்படி வந்த அம்மா அப்பாமாரில் கணிசமானோர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்.

அவர்கள் இழந்தது அதிகம். ஊரில் சைக்கிளில் போகும்போது வீதியில் நின்றவர்கள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிய மரியாதை இங்கே இல்லை. கார் ஓட்டத் தெரியாது. பனியில் நடக்கப் பயம். முதியோர் கொடுப்பனவுக்குப் பத்து ஆண்டு வதிவிடம் வேண்டும். அதுவரை பிள்ளையின் கையை எதிர்பார்த்திருக்க வேண்டியிருந்தது. பென்சன் தந்த அந்தச் சுதந்திரம் கடல் கடந்தபோது கரைந்தது. பகல் முழுவதும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். தாயும் தகப்பனும் இரண்டு வேலை செய்து வீடு வாங்கிய அந்தக் காலத்தில், ஊதியமில்லாமல் வீட்டைத் தாங்கியவர்கள் இவர்கள். வீட்டுக் கடன் கணக்கில் அவர்கள் பங்கு எழுதப்படவில்லை.

அவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. ஒன்ராறியோ அரசு 1977இல் மரபுமொழித் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அது சர்வதேச மொழிகள் திட்டம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் போதிய எண்ணிக்கையானோரின் பெற்றோர் கேட்டால் கல்விச் சபை அந்த மொழி வகுப்பை நடத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்வரை. அதற்கு ஒன்ராறியோ ஆசிரியர் சான்றிதழ் கட்டாயமில்லை. ஊரில் பெற்ற பயிற்சி முழுவதும் பயனற்றுப் போகும் என்றிருந்த நிலையில், இந்த ஏற்பாடு அவர்களை மறுபடியும் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தியது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இங்கே றிச்மண்ட் ஹில்லிலும் சனிக்கிழமைகளில் அகரம் கேட்டது. பேவியூ அவென்யூவிலுள்ள பிள்ளையார் கோவிலைப் போன்ற ஆலயங்களும் தேவாலயங்களும் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தன. தேவாரப் போட்டி, பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனம் எல்லாவற்றுக்கும் நடுவராக ஒரு மாஸ்ரரோ ரீச்சரோ வந்து அமர்ந்தார்.

பெயர் சொல்லத் தக்க இருவரை நினைவுகூர்கிறேன். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் அதிபராக இருந்த பொ. கனகசபாபதி அவர்கள் ரொறன்ரோவில் கல்விச் சபைப் பணியில் சேர்ந்து, புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் கனடியப் பள்ளிக்கூடங்களுக்கும் இடையே பாலமாக நின்றார். மரங்களையும் விலங்குகளையும் பற்றி அறிவியல் நோக்கோடு தமிழில் எழுதினார். 2014இல் மறையும்வரை அவரை எல்லோரும் ‘அதிபர்’ என்றே அழைத்தார்கள். எந்தக் கல்லூரிக்கு என்று யாரும் கேட்கவில்லை. மட்டக்களப்பைச் சேர்ந்த ஆசிரியரான ஈழத்துப் பூராடனார், க. தா. செல்வராசகோபால் (1928–2010), கனடாவில் அச்சகம் நடத்தி நூல்களைத் தொடர்ந்து வெளியிட்டார். கிரேக்கப் புலவர் ஹோமரின் காவியங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். வேறு வேறு ஊரும் துறையும் கொண்ட இருவரிடமும் ஒரே குணத்தைக் காண்கிறேன். தமக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் அவர்களால் இருக்க முடியவில்லை.

7. நாங்கள் செய்ய வேண்டியவை

ஒன்ராறியோவில் 2014இலும் கனடா நாடாளுமன்றத்தில் 2016இலும் ஜனவரி தமிழ் மரபுத் திங்களாக ஏற்கப்பட்டது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 30 இலட்சம் டொலர் 2021இல் நிறைவுற்றது. இவை பெருமைக்குரியவை. இவற்றுக்குக் கீழே, இருபது முப்பது ஆண்டுகள் சனிக்கிழமை தோறும் குளிரில் வந்து வகுப்பெடுத்த முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் தமிழ் இருக்கையில் படிக்க வரும் இந்நாட்டுப் பிள்ளைக்கு ‘அ’ தெரிந்திருக்காது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் நினைவு மலர்களை எண்ணிமப்படுத்தக் கொடுங்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் இத்தகைய வெளியீடுகளைச் சேர்த்து எவரும் இணையத்தில் படிக்க வைத்திருக்கிறது. புதிதாக அச்சிடுகிறவர்கள் புகழுரையைக் குறைத்து, படிப்பித்த பள்ளிக்கூடங்கள், ஆண்டுகள், செய்த பணிகள் ஆகியவற்றைத் திருத்தமாக எழுதுங்கள். பெண் ஆசிரியர்களுக்கும் அதே கவனத்தோடு எழுதுங்கள்.

இரண்டாவது, இருப்பவர்களைக் கேளுங்கள். எண்பது, தொண்ணூறு வயதில் உங்கள் வீட்டில் ஒரு மாஸ்ரர் இருக்கிறார். முதல் நியமனம் எங்கே, எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், யாரைப் பின்வாங்கில் இருத்தினீர்கள், ஏன் என்று கேட்டுக் குரலைப் பதிந்து வையுங்கள். சங்கடமான கேள்விகளையும் கேளுங்கள். அவர்கள் உண்மை சொல்லத் தயங்காதவர்கள். கேட்க ஆளில்லாமல்தான் இருக்கிறார்கள்.

மூன்றாவது, இதுவே முக்கியமானது. பென்சன் எடுத்த ஆசிரியரின் தியாகத்தின் மேல் எங்கள் மொழிக் கல்வியை இனியும் ஏற்றி வைக்க முடியாது. ஊரில் பயிற்சி பெற்று இங்கு வந்த அந்தத் தலைமுறை முடிகிறது; அதைப் போன்ற இன்னொன்று வந்துசேரப் போவதில்லை. இங்கே பிறந்து, இங்கே பயிற்சி பெற்ற இளைஞர்கள் இந்தப் பணியை ஏற்க வேண்டும். அவர்களுக்கு நியாயமான ஊதியமும், இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடநூலும், நல்ல பயிற்சியும் கொடுக்கும் கடமை எங்களுடையது. கோவில்களும் தேவாலயங்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டு விழாவுக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்க முன்வர வேண்டும்.

இந்த அறக்கட்டளையின் நிதியிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு இளம் தமிழ் ஆசிரியர்களின் பயிற்சிச் செலவை ஏற்குமாறு நிறுவுநர் குடும்பத்தாரை இந்த அவையின் முன் வேண்டிக்கொள்கிறேன். ஒரு சொற்பொழிவால் ஓர் ஆசிரியரைக் கௌரவிக்கலாம். இன்னோர் ஆசிரியரை உருவாக்கினால்தான் அவருடைய பணி தொடரும். அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டிய வயதினரான நீங்கள் இந்த மண்டபத்தின் பின்வரிசைகளில் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்களிடம் வந்து, எந்த வகுப்பு ஆசிரியரில்லாமல் இருக்கிறது என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.